தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி

வாரிசின்றி வருந்திய தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா, 1787-இல் தம் மறைவுக்குச் சற்று முன்பு, பத்து வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். அச்சிறுவனே பின்னாளில் இரண்டாம் சரபோஜி எனப் புகழ்பெற்றவர். ஆயினும் துளஜாவின் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறவே, சிறுவனின் பாதுகாப்பே கேள்விக்குறியாயிற்று. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் முயற்சி எடுத்து அவரைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார்.

1798-இல் அரியணை கிட்டியது. மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையின்படி நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு உரியவை ஆயின. கோட்டைக்கு வெளியே அவருக்கு அதிகாரம் இல்லை. இருபத்திரண்டு வயது இளைஞர், கையில் பெரும் பொருள், செய்வதற்கோ ஆட்சிப் பணி எதுவுமில்லை! கேளிக்கையில் மூழ்கியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

சரபோஜி அரண்மனையை ஆய்வுக்கூடமாக்கினார். காற்றை வெளியேற்றும் பம்பு, மின்சாரம் உண்டாக்கும் இயந்திரம், வானியல் கருவிகள், தந்தத்தில் செதுக்கிய மனித எலும்புக்கூடு எல்லாம் அங்கே இடம்பெற்றன. 1826-இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், லவாய்சியர், லின்னேயஸ் முதலியோரின் நூல்களில் மன்னருக்கு இருந்த பயிற்சியைக் கண்டு வியந்து எழுதினார். தேவநாகரி எழுத்துகளை வார்த்து அச்சகம் ஒன்றையும் மன்னர் நிறுவினார். ஈசாப்பின் கதைகள் மராத்தியில் அச்சேறியது அங்கேதான்.

மருத்துவமே அவர் மனத்தை மிகவும் ஈர்த்தது. தன்வந்திரி மகாலில் நம் நாட்டு வைத்தியர்களும் மேலை மருத்துவம் அறிந்தவர்களும் சேர்ந்து மருந்துகளை ஆராய்ந்தனர். பயன் தந்தவை தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் இன்னும் அரியவை. நோயின் தன்மை, செய்த சிகிச்சை, அதன் விளைவு ஆகியவற்றோடு நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியமும் அவற்றில் உண்டு. மன்னரே கத்தியைக் கையாண்டார் என்று சொல்வோர் உளர். ஆங்கில மருத்துவர் ஒருவரும் உடனிருந்தார் என்பதை மறக்கலாகாது. கத்தி யார் கையில் இருந்தாலும், ஓர் ஏழையின் கண்ணை ஓவியம் தீட்டிப் பாதுகாக்கவேண்டும் என்று தோன்றியதே, அதுவன்றோ பெரிது!

இவ்வளவு நவீன நாட்டமும் அவரது பக்தியைக் குறைக்கவில்லை. 1820-இல் சுமார் மூவாயிரம் பேருடன் காசி யாத்திரை புறப்பட்டார். வழியெங்கும் சுவடிகளைச் சேகரித்தார். கங்கையின் படித்துறைகளை ஓவியமாக்கச் செய்தார்.

புதிராகத் தோன்றும் செயலும் உண்டு. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, 1814-இல் கடற்கரையில் மனோரா கோபுரத்தை எழுப்பினார். தம் நாட்டைப் பறித்தவர்களின் வெற்றிக்கு!

1832-இல் மன்னர் மறைந்தார். அவருடைய கையொப்பமிட்ட நூல்களும் அந்தக் கண் மருத்துவக் குறிப்புகளும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன.