செப்புத் தகடும் வாக்குச் சீட்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆய்வுக்கூடத்தில் செப்புத் துண்டின்மீது நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் பழுப்புப் புகை எழும், கரைசல் நீலமாகும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இவ்வினையைக் கொண்டே அன்றைய ஆட்சியாளரை நடுங்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இங்கிலாந்தின் கேலிச்சித்திர மேதை ஜார்ஜ் குரூக்‌ஷாங்க்.

1792ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் லண்டனில் பிறந்தார் இவர். தந்தை ஐசக்கும் கேலிச்சித்திரக்காரரே. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. தந்தையின் பட்டறையே பள்ளிக்கூடம். 1811இல் தந்தை மறைந்தபோது மகனுக்கு வயது பதினெட்டு. ஆயினும் கையில் தொழில் இருந்தது.

அத்தொழிலின் நுட்பம் எளியது. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சுத் தடவி, அதன்மீது ஊசியால் கீறி வரைவர். அமிலத்தில் இட்டால் கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். கடைச் சன்னலில் தொங்கிய அப்படங்களை எழுத்தறியாதவனும் கண்டு பொருள் உணர்ந்தான்!

அக்காலத்தில் மான்செஸ்டர் ஒரு மாபெரும் ஆலை நகரம். ஆயினும் அந்நகருக்கெனப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் இல்லை. ஆள் நடமாட்டமே அற்றுப்போன ஓல்டு சேரம் என்னும் மேட்டுக்கோ இரண்டு உறுப்பினர்கள்! இவ்வநீதியை எதிர்த்து 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், புனித பீட்டர் திடலில் சுமார் 60,000 மக்கள் திரண்டனர். நெசவாளர்கள் மனைவி மக்களோடு வந்திருந்தனர். பேச வந்த ஹென்றி ஹண்டைக் கைது செய்ய நீதிபதிகள் ஆணையிட்டனர். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்துள் பாய்ந்தது. பதினெட்டுப் பேர் மாண்டனர். அவருள் இரண்டு வயதுக் குழந்தையும் ஒன்று. காயமுற்றோர் பல நூற்றுவர். வாட்டர்லூ வெற்றியை எள்ளும் வகையில் இக்கொடுமைக்குப் 'பீட்டர்லூ' என்று பெயரிட்டனர் மக்கள்.

குரூக்‌ஷாங்கின் ஊசி உடனே பேசியது. அவர் படத்தில் வீரர்கள் வாளுக்குப் பதிலாகக் கசாப்புக் கோடரி ஏந்தி வருகின்றனர். பெண்களும் குழந்தைகளும் குளம்படியில் கிடக்கின்றனர். ஏழைகளைக் கொன்றால் அவர்களுக்காகச் செலுத்தும் வரி குறையுமென்று படைக்காரன் ஒருவன் தூண்டுகிறான். அதே ஆண்டில் வில்லியம் ஹோன் வெளியிட்ட அரசியல் அங்கத நூலுக்கும் இவரே படம் வரைந்தார். அதன் பல பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன.

அஞ்சிய அரண்மனை பணப்பையைத் திறந்தது. மன்னர் நான்காம் ஜார்ஜை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று உறுதி கூறி, 1820இல் நூறு பவுன் பெற்றுக்கொண்டார் குரூக்‌ஷாங்க். பின்னர் அவர் நாட்டம் நூல்களின்பால் திரும்பியது. கிரிம் சகோதரர்களின் கதைகளுக்கும், டிக்கன்ஸின் 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலுக்கும் அவர் வரைந்த படங்கள் அழியாப் புகழ் பெற்றன. 1847இல் மதுவின் கேட்டைக் காட்டும் 'புட்டி' என்னும் எட்டுப் படங்களை வெளியிட்டு, தாமும் மதுவை அறவே விட்டார்.

ஆனால், 1867இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்தார் இந்தப் பெரியவர்! 'பிரித்தானியத் தேன்கூடு' என்றொரு படம் வரைந்தார். உச்சியில் அரசி, கீழே வரிசை வரிசையாக அறைகள். அவரவர் அவரவர் அறையில் இருப்பதே நாட்டுக்கு நலம் என்பது அதன் கருத்து. 1878ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மறைந்த அவர், புனித பால் பேராலயத்தில் துயில்கிறார்.

நண்பர்களே! இந்த முடிவைப் படித்தபோது என் நெஞ்சு வலித்தது. என் தந்தை பள்ளிக்கூடத்தை மிதிக்காதவர்; எந்தத் தேர்தலிலும் வாக்குச் சாவடியை மறவாதவர். அத்தேன்கூட்டில் அவருக்கு அடியறைதான் கிடைத்திருக்கும். அவ்வறையிலிருந்து இக்கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிக்காதவனுக்கு வாக்கு எதற்கு என்று நம்மிடையே சிலர் கேட்கும்போது, ஒருமுறை நானும் தலையசைத்தேன். இன்று அதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

பீட்டர்லூப் படங்கள் இன்று கேன்வாஸ் துணியில் அச்சாகிச் சுவர்களை அலங்கரிக்கின்றன. அவற்றில் விழுந்து கிடப்போர் பலரும் நம் வீட்டாரைப் போன்றவரே. முதுமையில் ஓவியர் மாறினார்; இளமையில் அவர் அமிலத்தால் எழுதிய கோடு மாறவில்லை. உயர்ந்த பின்னும் நாம் மறவாதிருக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.