கொள்ளிடம்தான் சம்ப், காவிரிதான் தொட்டி: ஆர்தர் காட்டன் போட்ட தண்ணிக் கணக்கு

ஹால்ல புதுசா ஒரு மீன் தொட்டி. கீழே ஸ்டாண்டுக்குள்ள சம்ப். மேலே நிறைஞ்ச தண்ணி ஓவர்ஃப்ளோ விளிம்பைத் தாண்டி பைப்ல இறங்கணும். மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏத்தணும். பார்க்க சிம்பிள்தான். ஆனா பைப்ல பாசி அடைச்சா ஹால் முழுக்க தண்ணி. சம்ப்ல லெவல் இறங்கினா மோட்டார் காத்தை இழுத்துக் கத்தும்.

சின்ன சிங்கப்பூர்னு செல்லப் பேர் வாங்கின கூத்தாநல்லூர்ல உட்கார்ந்து நீங்க இந்த வால்வைத் திருகிக்கிட்டு இருந்தா, ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. உங்க ஊர் வயலுக்கு வெண்ணாத்துத் தண்ணி வந்து சேர்றதுக்குப் பின்னாடியும் இதே தலைவலி இருந்துச்சு. சுமார் 190 வருஷத்துக்கு முன்னாடி அதோட மல்லுக்கட்டினவர் ஆர்தர் காட்டன்.

பதினெட்டு வயசுல மெட்ராஸ்

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தவர் காட்டன். வீட்டில் பத்தாவது மகன். 16 வயசில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படையில் சேர்ந்து, 1821-ல் இந்தியா வந்தார். பாம்பன் கால்வாயில் சர்வே வேலை பார்த்தார். சில வருஷத்தில் காவிரிப் பாசனம் அவர் கைக்கு வந்தது.

அப்போ டெல்டா நிலைமை மோசம். முக்கொம்பில் காவிரி ரெண்டாப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடத்தோட படுகை தாழ்வு, சரிவும் அதிகம். அதனால தண்ணி அந்தப் பக்கமே ஓடி, நேரா கடலுக்குப் போயிட்டிருந்தது. காவிரியில் மணல் மேடு ஏறிக்கிட்டே வந்தது. இப்படியே போனா காவிரிக்கும், கல்லணையில் அதிலிருந்து பிரியற வெண்ணாத்துக்கும் தண்ணி இல்லை. தஞ்சாவூர்ச் சீமையே தரிசாகிடும்.

மீன் தொட்டி பாஷையில் சொன்னா, ஓவர்ஃப்ளோ விளிம்பு ரொம்ப இறங்கிப் போச்சு. சம்ப் எல்லாத்தையும் குடிக்குது, மேல் தொட்டி காயுது.

கல்லணை சொன்ன பாடம்

இதுக்கு முன்னாடியே, 1804-ல் கல்லணை மேல கல் வெச்சு உயரத்தைக் கூட்டிப் பார்த்தாங்க. தேங்கின தண்ணியில் மணலும் சேர்ந்து தேங்கிடுச்சு. விளிம்பை ஏத்தி, அடியில் சேர்ற அழுக்கை மறந்தா அப்படித்தான். காட்டன் காலத்தில் அந்த மணல் வெளியேற கல்லணையில் மதகுகள் திறந்தாங்க.

அதைவிட முக்கியம், கரிகாலன் கட்டின கல்லணையை அவர் மாணவன் மாதிரி படிச்சார். ஆழமே தெரியாத மணல் மேல எப்படி அஸ்திவாரம் போடறதுன்னு நம்ம ஊர் முன்னோர்கிட்டதான் கத்துக்கிட்டோம்னு பிற்காலத்தில் ஒளிக்காம எழுதினார்.

விளிம்பை ஏத்தினார்... கொஞ்சம் அதிகமா!

1836-ல், 33 வயசில், முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணியை மொத்தமாத் தடுக்கற அணை இல்லை அது. குறிப்பிட்ட உயரம் வரைக்கும் தண்ணி காவிரிக்கு. அதுக்கு மேல வர்ற வெள்ளம் விளிம்பைத் தாண்டி கொள்ளிடத்துக்கு. அதே சமயத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணி அங்கிருந்துதான் போகுது.

கதை இங்கே சுபம்னு நினைச்சா, இல்லை. இப்போ காவிரிக்குள்ள தண்ணி அதிகமாப் பாய ஆரம்பிச்சது. படுகை அரிச்சது, ஆறு அகலமாச்சு. வறட்சிப் பயம் போய், கரை உடையற பயம் வந்தது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியை இறக்கி, காவிரியின் தலைப்பில் படுகைச் சுவர் கட்டினாங்க. அப்புறம்தான் ரெண்டு பக்கமும் ஓரளவு சமமாச்சு.

இதுக்கு காட்டன் கொடுத்த விலை உடம்பு. காய்ச்சலும் வெயிலும் படுத்தியதில் ஓய்வுக்காக ஆஸ்திரேலியா பக்கம் போனார். 1841-ல் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தார். 1847-ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கி, 1852-ல் முடித்தார். ஆந்திராவில் இன்னிக்கும் ஊர் ஊரா அவருக்குச் சிலை இருக்கு. 1861-ல் சர் பட்டம் வந்தது.

அவர் கம்பெனியோட ஆள்தான். விளைச்சல் கூடினா வரி கூடும்ங்கறது கம்பெனிக் கணக்கு. ஆனா காட்டன் அந்த ஆட்சியோடயே சண்டை போட்டார். ரயிலுக்குக் கொட்டற பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்க, பஞ்சத்தைத் தடுக்கலாம்னு வாதாடினார். 1878-ல், 75 வயசில், லண்டன் பார்லிமென்ட் கமிட்டியின் குடைச்சலான கேள்விகளையும் சந்தித்தார். 1899 ஜூலை 24-ல், 96 வயசில் இறந்தார்.

உங்க தொட்டிக்கு

மேல் தொட்டியின் லெவலை முடிவு பண்றது மோட்டார் இல்லை, விளிம்பு. மோட்டார் ஏத்தற அளவைவிட இறங்கற பைப் தாராளமா இருக்கட்டும். அவசரத்துக்கு வால்வு இல்லாத ரெண்டாவது பைப் ஒண்ணு வேணும், கொள்ளிடம் மாதிரி. மோட்டாரை ஆஃப் பண்ணி, சம்ப் எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து, அந்த இடத்தை காலியா விடுங்க. டெல்டாவில் கரன்ட் எப்போ போகும்னு சொல்லவா வேணும்!

அப்புறம், வாரம் ஒருமுறை பைப்பைப் பாருங்க. 2018 ஆகஸ்ட் 22-ல், வெள்ளம் வந்த நேரத்தில், முக்கொம்பு மேலணையின் 9 ஷட்டர்கள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. தண்ணிக் கணக்கை ஒருமுறை போட்டு மூடி வெச்சுட முடியாது பாஸ். அது ஆத்துக்கும் பொருந்தும், உங்க ஹால்ல இருக்கற தொட்டிக்கும் பொருந்தும்.