விசிறி மடிப்பு

உம்மா தையல் வேலை செய்பவர். வவுனியாவில் பக்கத்து வீட்டுத் தங்கைக்குப் பரதநாட்டிய உடுப்புத் தைத்தபோது, முன்புற விசிறி மடிப்பை இரண்டு தரம் பிரித்துத் தைத்தார். இதை முதலில் யார் நினைத்தார் என்று தேடினேன். ருக்மிணி தேவி அருண்டேல்.

1904இல் மதுரையில் பிறந்தவர். 1928இல் பம்பாயில் ருஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் பலே ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அந்தக் குழுவின் கிளியோ நோர்டியிடம் பலே பயின்றார். 1832இல் பாரிஸில் மரி தாக்லியோனி வெண்ணிற மெல்லுடையில் ஆடினார். பாதவேலை தெரியவேண்டும் என்றே பலே பாவாடை பின்னர் மேலும் குறுகியது. சொந்த நாட்டு ஆட்டத்தைத் தேடும்படி ருக்மிணியைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான்.

அதுவோ தேவதாசிகளின் ஆட்டம். கௌரவமான குடும்பத்துப் பெண் ஆடினால் ஊரே ஏசிய காலம். ருக்மிணி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் அடையாற்றில் மேடையேறினார். மறுவருடம் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். சேலை சுற்றி ஆடிய வழக்கத்தை மாற்றி, கோயிற் சிற்பங்களைப் பார்த்து, தைத்த உடுப்பை அமைத்தார். அரைமண்டியில் மடிப்பு விரியும், நிமிர்ந்தால் மூடும்.

தேவதாசி மரபில் வந்த பாலசரசுவதி சேலையிலேயே ஆடிப் புகழ்பெற்றார். ஆகவே புதியதே மேல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

1986இல் ருக்மிணி மறைந்தார். எல்லாவற்றையும் உம்மாவிடம் சொன்னேன். எத்தனை மடிப்பு என்று அந்த அம்மா எங்கேயாவது எழுதி வைத்தாரா என்று கேட்டார்.