வலிப்பின் வேரைத் தேடியவர்

இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில், மூளை அறுவை மருத்துவத்திற்கென ஒரு தனித்துறை நம் நாட்டின் எந்த மருத்துவமனையிலும் இல்லை. தலையில் அடிபட்டவரையும் மூளையில் கட்டி வளர்ந்தவரையும் பொது அறுவை மருத்துவர்களே தம்மால் இயன்ற அளவு கவனித்து வந்தனர். வலிப்பு நோயாளிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுள் பலர் மருத்துவமனையின் வாயிலைக்கூட மிதித்ததில்லை. பேய் பிடித்தது என்று சிலருக்கு வேப்பிலை அடித்தனர். துடிக்கும் கையில் இரும்புச் சாவியைத் திணித்தனர். குடும்பத்தார் நோயை ஊரறியாமல் மறைத்தனர். இந்த நிலையை மாற்றத் தொடங்கியவர்களுள் முன்னோடி மருத்துவர் ஜேக்கப் சாண்டி.

அவர் 1910ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் கோட்டயத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரைன் தீவுக்குச் சென்று, அமெரிக்கக் கிறித்தவத் தொண்டர்கள் நடத்திய மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே பால் ஹாரிசன் என்னும் மூத்த மருத்துவர் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். மூளையையும் நரம்புகளையும் பற்றிக் கற்கும் ஆர்வத்தை இளைய சாண்டியின் உள்ளத்தில் தூண்டியவர் அவரே. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சாண்டி கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தார். பிலடெல்பியாவில் சிறிது காலம் பயின்றபின் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகருக்குச் சென்றார். அங்கேதான் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் ஆசிரியரைக் கண்டடைந்தார்.

பென்ஃபீல்டின் பெருமையை அறிய வேண்டுமாயின் அவருக்கு முன் வாழ்ந்த ஒருவரைப் பற்றி அறிதல் வேண்டும். அவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 1835இல் பிறந்தவர். வலிப்பு என்றால் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் உதறுவது என்றே அக்காலத்தில் பெரும்பாலோர் எண்ணினர். ஜாக்சனோ நோயாளிகளின் அருகில் பொறுமையுடன் இருந்து, உதறல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று உற்றுநோக்கினார். சிலருக்கு வலக்கைக் கட்டைவிரல் மட்டும் முதலில் துடித்தது. அத்துடிப்பு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, முகத்தின் ஒரு பாதியைப் பற்றி, பிறகு காலுக்கு இறங்கியது. மூளையில் கைக்கு ஓரிடமும் முகத்துக்கு அதன் அருகே ஓரிடமும் காலுக்கு வேறோர் இடமும் இருக்க வேண்டும் என்றும், தீங்கு அவற்றின் வழியே படிப்படியாகப் பரவுகிறது என்றும் அவர் கருதினார். மூளையைத் திறந்து பாராமலே அவர் கண்ட முடிவு இது. 1870இல் செர்மானிய அறிஞர் இருவர் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்தி, அவர் எண்ணியது சரியே என்று காட்டினர். ஜாக்சனின் மனைவிக்கும் உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கும் இத்தகைய வலிப்பு உண்டு. அந்த அம்மையார் 1876இல் காலமானார்.

ஜாக்சன் எழுதிவைத்த நோயாளர் குறிப்புகளுள் ஒன்று வியப்புக்குரியது. அந்நோயாளி தாமே ஒரு மருத்துவர். பெயரை வெளியிடாமல் ஓர் எழுத்தால் மட்டுமே ஜாக்சன் அவரைக் குறிப்பிட்டார்.  அவருக்குத் திடீரெனக் கனவு நிலை போன்ற ஒன்று வரும். முன்பே நடந்த ஒன்று மீண்டும் நிகழ்வதாகத் தோன்றும். ஒரு நாள் அவர் நோயாளி ஒருவரைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அந்நிலை வந்தது. நினைவு திரும்பியபோது, அந்த நோயாளிக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் அழற்சி என்று தம் கையாலேயே எழுதியிருப்பதைக் கண்டார். எழுதியது அவருக்குச் சிறிதும் நினைவில்லை. மீண்டும் சோதித்துப் பார்த்தார். எழுதியது சரியாகவே இருந்தது! அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்தனர். காதுக்கு மேலே உள்ள பொட்டுப் பகுதியின் உட்புறத்தில் மிகச் சிறிய புண் ஒன்று காணப்பட்டது. நினைவிழந்தும் வேலை செய்துகொண்டிருந்த விந்தையான நடத்தைக்கு வேர் அந்தச் சிறு புண்ணே.

பென்ஃபீல்டு இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலையின் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ஓரிடத்தில் தொட்டால் விரல் அசைந்தது. வேறோரிடத்தில் தொட்டால் பேச்சு நின்றது. மற்றோரிடத்தில் தொட்டால் என்றோ கேட்ட பாட்டு செவியில் ஒலிப்பதாக நோயாளி கூறினார். இவ்வாறு மூளைக்கு ஒரு வரைபடமே உருவாயிற்று. வலிப்புக்கு முன் நோயாளி உணர்வதை எந்த இடத்தைத் தொடும்போது உணர்கிறாரோ, அவ்விடத்தின் அருகே நோயின் ஊற்று இருக்கலாம் என்று பென்ஃபீல்டு முடிவு செய்தார். இந்தக் கலையையே சாண்டி அவரிடம் கற்றார்.

தெருவில் தீப்பிடித்தால் எல்லா வீடுகளும் புகையால் மூடப்பட்டுவிடும். முதலில் எந்தக் கூரையில் புகை எழுந்தது என்பதைக் கண்டவரே தீயின் தொடக்கத்தைச் சொல்ல முடியும். வலிப்பும் அத்தகையதே. மூளையின் ஒரு பகுதியில் மின்கிளர்ச்சி மிகும்போது, அப்பகுதி தனக்குரிய தொழிலை யாரும் ஏவாமலே செய்கிறது. பிடரிப் பகுதியில் தொடங்கினால் வண்ணப் புள்ளிகளும் ஒளிவட்டங்களும் கண்முன் தோன்றும். பொட்டுப் பகுதியில் தொடங்கினால் வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவது போன்ற உணர்வும், இல்லாத நாற்றமும், காரணமற்ற அச்சமும் வரும். பிறகு நோயாளி வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டுவார், சட்டைப் பொத்தானைத் தடவுவார். அப்போது ஒரு கை மட்டும் முறுக்கி விறைத்து நின்றால், ஊற்று பெரும்பாலும் அதற்கு எதிர்ப்புற மூளையில் இருக்கும். வலிப்பு தணிந்தவுடன் நோயாளி எந்தக் கையால் மூக்கைத் துடைக்கிறார் என்பதைக்கூட மருத்துவர்கள் கவனிப்பதுண்டு. நெற்றிப் பகுதியில் தொடங்கும் வலிப்போ உறக்கத்தில் வரும். திடீரென அலறுவர், மிதிவண்டி மிதிப்பது போலக் கால்களை உதைப்பர், ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடுவர். பேய் என்றும் நடிப்பு என்றும் மிகுதியாகப் பழிக்கப்பட்டவர்கள் இவர்களே.

சாண்டி விரும்பியிருந்தால் அமெரிக்காவிலேயே வளமாக வாழ்ந்திருக்கலாம். சிகாகோ நகரில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இயக்குநர் இராபர்ட் காக்ரேன் அவரை அழைத்தார். அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1949இல் வேலூரில் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். இந்திய நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறை அதுவே. நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் அங்கே அவருடன் இணைந்தார். நோயாளியின் நடத்தையைக் கொண்டு அறிந்ததை, மூளையின் மின்னலைகளைத் தாளில் வரையும் கருவியைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் முறையாயிற்று. 1951இல் இவ்விருவரும், சென்னை மருத்துவர்களான பா. ராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

1952இல் 19 வயது இளைஞர் ஒருவர் வேலூரில் அவர்களிடம் மருத்துவம் பெற்றார். குழந்தைப் பருவத்திலிருந்தே அவருடைய உடலின் ஒரு பக்கம் செயலற்றிருந்தது. மருந்துகளுக்கு அவருடைய வலிப்பு கட்டுப்படவில்லை. சாண்டி அவருக்கு மூளை அறுவை செய்தார். வலிப்பு நோய்க்காக இந்தியாவில் நடந்த முதல் அறுவை அதுவே என்று மருத்துவ வரலாறு குறிக்கிறது. இத்தகைய அறுவையில் இடம் தவறினால் பேச்சோ பார்வையோ கையின் திறனோ போய்விடும். இன்று உள்ள படமெடுக்கும் கருவிகளுள் பல அன்று இல்லை. ஆகவே நோயின் தொடக்கம் எங்கே என்னும் வினாவுக்கு, நேரில் கண்டவரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு மிகப் பெரிது.

பல்தேவ் சிங் பின்னாளில் தில்லிக்கு வந்து, எய்ம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் துறையை வளர்த்தார். இவ்வாறு வேலூரில் ஊன்றிய விதை தலைநகரிலும் முளைத்தது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் 2025 சூன் வரை இருந்த மதராசி கேம்ப்பிலிருந்து எய்ம்ஸ் நெடுந்தொலைவு அன்று. வீடுகள் இடிக்கப்பட்டபின் நரேலாவுக்குச் சென்ற குடும்பங்களுக்கு அது நகரின் மறுகோடிக்குச் செல்லும் பயணமாகிவிட்டது. அத்தனை தொலைவு சென்று சேரும்போது வலிப்பு நின்று நெடுநேரம் ஆகியிருக்கும். மருத்துவர் அதைக் காண இயலாது. முதலில் துடித்தது எந்தக் கை, தலை எப்பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம் நீடித்தது, பிறகு பேச முடிந்ததா என்பவற்றை வீட்டில் இருந்தவர்தாம் சொல்ல முடியும். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் காக்கும்போது, மற்றொருவர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தால் அது மருத்துவருக்குப் பெருந்துணை. சாவியைத் தேடி ஓடுபவர் இவற்றுள் ஒன்றையும் காணமாட்டார்.

நோயைப் பற்றிய அறிவு வளர்ந்த வேகத்தில் மக்களின் எண்ணம் மாறவில்லை. அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்திற்குத் தகுதியற்றவர் என்னும் விதி இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999இல்தான் நீக்கப்பட்டது. வேலூரில் முதல் அறுவை நடந்து அப்போது 47 ஆண்டுகள் கடந்திருந்தன.

சாண்டிக்கு 1964இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. வேலூர்க் கல்லூரியின் முதல்வராகவும் அவர் பணியாற்றினார். நரம்பியல் அறுவையில் இந்தியாவிலேயே பயிற்சி பெறுவதற்கான மேற்படிப்பையும் அங்கே தொடங்கினார். அதன்பின் அக்கலையைக் கற்க எல்லோரும் கடல் கடக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 1970இல் ஓய்வு பெற்றுக் கோட்டயம் திரும்பினார். தம் வாழ்வை நூலாகவும் எழுதினார். 2007 சூன் 23ஆம் நாள், 97ஆம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய துறையில் இன்றும் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை நடைபெறுகிறது. அறுவைக்கு முன் அவர்களைத் தனி அறையில் படுக்கவைத்து, இரவும் பகலும் படம் பிடிக்கின்றனர். வலிப்பு வந்ததும் அதன் முதல் சில நொடிகளை மருத்துவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கின்றனர்.