நேர்கொண்ட பார்வை: அகிரா குரோசாவா

1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். பெரும் நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த தீயும் டோக்கியோ நகரை அழித்தன. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தமையன் ஹெய்கோ இடிபாடுகளுக்கிடையே அழைத்துச் சென்றார். எங்கும் பிணக்குவியல்கள். சிறுவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தமையனோ உற்று நோக்குமாறு வற்புறுத்தினார்; கண்ணை மூடிக்கொள்வதால்தான் அச்சம் வளர்கிறது என்பதை உணர்த்தினார். அச்சிறுவனே பின்னாளில் உலகம் போற்றும் திரைப்பட இயக்குநராக விளங்கிய அகிரா குரோசாவா.

சாமுராய் என்னும் போர்வீரர் மரபில் வந்த தந்தைக்கு, எட்டுப் பிள்ளைகளுள் இளையவராக 1910 மார்ச் 23 அன்று டோக்கியோவில் பிறந்தார் குரோசாவா. ஓவியராக வேண்டும் என்பதே அவருடைய இளமைக் கனவு. தமையன் ஹெய்கோ ஊமைப்படங்களுக்குத் திரையருகே நின்று கதை சொல்லும் கலைஞர். பேசும்படங்களின் வருகை அவருடைய தொழிலைப் பறித்தது; 1933இல் அவர் அகால மரணமடைந்தார். தமையனை இழந்த குரோசாவா, 1936இல் அதே திரைத்துறையில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். கஜிரோ யமமோட்டோவிடம் தொழில் கற்று, 1943இல் தம் முதற்படத்தை இயக்கினார்.

ஒரே கொலையை நால்வர் நான்கு விதமாகக் கூறும் 'ராஷோமோன்', 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. ஜப்பானியத் திரைப்படத்தின்பால் மேலை நாடுகளின் கவனத்தை ஈர்த்தது அப்படமே. 1954இல் 'ஏழு சாமுராய்' வெளிவந்தது. கொள்ளையரிடமிருந்து விளைச்சலைக் காக்க, உழவர்கள் சோற்றையே கூலியாகத் தந்து ஏழு வீரர்களை அமர்த்துகின்றனர். கொட்டும் மழையில் நிகழும் இறுதிப் போரைக் குரோசாவா பல படக்கருவிகளை ஒருசேர இயக்கிப் பதிவு செய்தார். வெற்றி வாளுக்கன்று, நாற்று நடும் உழவருக்கே உரியது என்று அப்படம் நிறைவுறுகிறது. சாமுராய் மரபினராயினும் அவர் வாளின் பெருமையை மட்டும் பாடவில்லை.

புகழின் உச்சியைத் தொட்டவருக்கும் வீழ்ச்சி நேர்ந்தது. 1970இல் வெளிவந்த படம் தோல்வியுற்றது. மனமுடைந்த அவர் மறு ஆண்டு உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார், ஆயினும் மீண்டெழுந்தார். சோவியத் நாட்டில் அவர் இயக்கிய 'தெர்சு உசாலா' ஆஸ்கர் விருது பெற்றது. அடுத்த படமாகிய 'ககெமுஷா'வுக்குப் பொருளுதவி கிடைக்காத நாள்களில், அதன் காட்சிகளைத் தம் கையாலேயே ஓவியங்களாகத் தீட்டினார். இளமையில் கற்ற தூரிகை முதுமையில் துணைநின்றது. 1980இல் அப்படம் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தைத் தழுவிய 'ரான்' 1985இல் வெளிவந்தபோது அவருக்கு அகவை எழுபத்தைந்து.

முப்பது படங்களை இயக்கிய குரோசாவா, 1998 செப்டம்பர் 6 அன்று தம் எண்பத்தெட்டாம் அகவையில் மறைந்தார். போர், வறுமை, பேராசை, முதுமை ஆகிய எதனிடமிருந்தும் அவருடைய படங்கள் முகந்திருப்பிக்கொண்டதில்லை. இடிபாடுகளுக்கிடையே தமையன் கற்பித்த பாடம் அவருடைய கலையாயிற்று.