நாணயம் தந்த வாய்ப்பு

1921ஆம் ஆண்டின் மே மாதம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் தேர்வுகள் முடிந்திருந்தன. உடலியங்கியலும் உயிர்வேதியியலும் பயின்ற சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள் என்னும் நண்பர் இருவரிடம் பேராசிரியர் மெக்லியாட் ஒரு கோடைக்காலப் பணியைப் பற்றிக் கூறினார். பிரடெரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவர் கணையத்தை ஆராய வருகிறார். அவருக்கு உதவ ஒரு மாணவர் தேவை. விடுமுறையை இருவரும் பகிர்ந்துகொள்வதென முடிவாயிற்று. முதலில் செல்வது யார்? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர். பெஸ்ட் வென்றார். பணியில் அவர் நன்கு பழகிவிடவே, கோடை முழுவதும் அவரே தொடர்ந்தார்.

சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட் 1899 பிப்ரவரி 27 அன்று, அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள வெஸ்ட் பெம்புரோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் கனடாவைச் சேர்ந்தவர்கள். தந்தை ஊர் மருத்துவர். முதல் உலகப்போரின்போது படிப்பை நிறுத்திப் படையில் சேர்ந்த பெஸ்ட், போர் முடிந்தபின் மீண்டும் கல்லூரிக்குத் திரும்பினார். அவருடைய அத்தை ஒருவர் நீரிழிவால் இறந்திருந்தார். அக்காலத்தில் இந்நோய் கண்ட சிறுவர்களுக்கு மருந்தே கிடையாது. உணவைப் பெரிதும் குறைத்து, பட்டினியால் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிப்பதே மருத்துவர்களால் முடிந்தது.

மே 17 அன்று பணி தொடங்கியது. நாய்களுக்கு அறுவை செய்வது பான்டிங்கின் வேலை. அவற்றின் குருதியிலும் சிறுநீரிலும் சர்க்கரை எவ்வளவு என அளப்பது பெஸ்டின் வேலை. கேட்பதற்கு இது எளிய பணியாகத் தோன்றலாம். ஆனால், கணையச் சாற்றில் ஆற்றல் உண்டா இல்லையா என்பதை அந்த அளவு ஒன்றே சொல்ல வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பெஸ்டின் அளவீடுகள் பான்டிங்குக்கு நிறைவளிக்கவில்லை. படைப்பயிற்சிக்குச் சென்று திரும்பிய மாணவரை அவர் கடுமையாகக் கடிந்துகொண்டார். கரைசல்களைக் கொட்டிவிட்டு, கண்ணாடிக் கலங்களைக் கழுவிப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். சினத்தை அடக்கிக்கொண்ட பெஸ்ட், இரவெல்லாம் விழித்திருந்து அவ்வாறே செய்து முடித்தார். அதன்பின் இருவருக்குமிடையே பூசல் எழவில்லை என்று சொல்ல இயலாது. ஆயினும் பெஸ்டின் அளவுகளைப் பான்டிங் நம்பத் தொடங்கினார்.

கணையக் குழாயைக் கட்டிவிட்டால், செரிமானச் சாறு சுரக்கும் பகுதி சில வாரங்களில் சுருங்கிவிடும். எஞ்சிய பகுதியிலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருளைப் பிரித்தெடுக்கலாம் என்பது பான்டிங்கின் எண்ணம். ஜூலையில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது பல நாய்களின் கணையம் சுருங்கவே இல்லை. விலங்குக் குடலால் செய்த தையல்நூல் கரைந்து, கட்டு அவிழ்ந்திருந்தது. பட்டுநூலால் மீண்டும் கட்டினர். நாய்கள் பல மடிந்தன. வெயிலில் அறை கொதித்தது. மெக்லியாடோ விடுமுறைக்காக ஸ்காட்லாந்து சென்றிருந்தார்.

ஜூலை 30 அன்று, கணையம் நீக்கப்பட்ட 410ஆம் எண் நாய்க்குச் சாற்றைச் செலுத்தினர். 100 மில்லிலிட்டர் குருதியில் 200 மில்லிகிராமாக இருந்த சர்க்கரை, ஒரு மணி நேரத்தில் 120 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. இந்த ஒரு விடையை மட்டும் நம்பி அவர்கள் நின்றுவிடவில்லை. கல்லீரலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் அதே முறையில் சாறு எடுத்துச் செலுத்திப் பார்த்தனர், சர்க்கரை குறையவில்லை. கணையச் சாற்றைக் கொதிக்க வைத்துச் செலுத்தினர், அப்போதும் பயனில்லை. கணையத்தில் மட்டுமே உள்ள, வெப்பத்தால் அழியக்கூடிய ஒரு பொருளே வேலை செய்கிறது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 22 வயது மாணவரின் குறிப்பேட்டில் இந்த எண்கள் ஒவ்வொன்றாக ஏறின.

1922 ஜனவரி 11 அன்று, டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்ப்சனுக்குப் பான்டிங்கும் பெஸ்டும் உருவாக்கிய சாறு செலுத்தப்பட்டது. சர்க்கரை ஓரளவே குறைந்தது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர். உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப், ஆல்ககாலின் செறிவைச் சிறிது சிறிதாக மாற்றி அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23 முதல் அம்மருந்தைப் பெற்ற சிறுவன் உடல் தேறினான். அதுவே இன்சுலின். நாணயச் சுண்டலில் தோற்ற நோபிளும் பின்னர் இக்குழுவில் சேர்ந்து, முயல்களைக் கொண்டு மருந்தின் ஆற்றலை அளக்கும் பணியில் பங்கேற்றார்.

அடுத்து வந்த மாதங்களே கொடியவை. மருந்தை மிகுந்த அளவில் செய்ய முயன்றபோது, அதன் ஆற்றல் காணாமல் போயிற்று. மருத்துவமனை வாயிலில் பெற்றோர் காத்திருந்தனர், கொடுக்க மருந்தில்லை. பல வார முயற்சிக்குப் பின்னரே உற்பத்தி மீண்டும் கைகூடியது. கன்னாட் ஆய்வுக்கூடத்தில் அப்பொறுப்பைச் சுமந்தவர் பெஸ்ட். காப்புரிமையை அவரும் பான்டிங்கும் காலிப்பும் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் அறிவிக்கப்பட்டது. மாணவரின் பெயர் அதில் இல்லை. கொதித்தெழுந்த பான்டிங், பாஸ்டனில் இருந்த பெஸ்டுக்குத் தந்தி அனுப்பி, தம் தொகையில் பாதியை அவருக்கு அளிப்பதாக அறிவித்தார். மெக்லியாடும் தம் பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். இந்தக் குறை பெஸ்டின் உள்ளத்தில் நீண்டநாள் இருந்தது. பிற்காலத்தில் அவர் தம் பங்கை மிகைப்படுத்திக் கூறினார் என்பதையும், காலிப்பின் பணிக்கு உரிய இடம் தரவில்லை என்பதையும் வரலாற்றாசிரியர் மைக்கேல் பிளிஸ் சான்றுகளோடு காட்டியுள்ளார். ஆயினும் அந்தக் கோடையில் அவர் செய்த அளவீடுகளின் மதிப்பு இதனால் குறைவதில்லை.

1925இல் மருத்துவப் பட்டம் பெற்ற பெஸ்ட், இலண்டனில் ஹென்றி டேலிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். 1929இல், 30 வயதில், மெக்லியாட் வகித்த பேராசிரியர் பதவியை ஏற்றார். கல்லீரலில் கொழுப்புச் சேராமல் தடுப்பதில் கோலின் என்னும் சத்துக்குள்ள பங்கை அவருடைய குழு கண்டறிந்தது. குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைத் தூய்மைப்படுத்தி, மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததிலும் அவருடைய வழிகாட்டலுக்குப் பெரும் பங்குண்டு. அப்பொருளுக்கு வழிகாட்டிய முதல் ஆய்வை 1916இல் பால்டிமோரில் செய்தவர் ஜே மெக்லீன். அவரும் அப்போது ஒரு மருத்துவ மாணவரே.

1941இல் பான்டிங் விமான விபத்தில் உயிரிழந்தார். இருவர் பெயரையும் தாங்கிய ஆராய்ச்சித் துறையின் தலைமை பெஸ்டிடம் வந்தது. 1978 மார்ச் 31 அன்று டொராண்டோவில் அவர் காலமானார். அந்நகரின் மவுண்ட் பிளசண்ட் கல்லறைத் தோட்டத்தில், பான்டிங்கின் கல்லறைக்கு அருகிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.