ஆலிவர் ஹெவிஸைடு

1850-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் இலண்டன் மாநகரில், மரத்திற் படஞ் செதுக்கிப் பிழைத்த ஓர் ஏழையின் கடைசி மகனாய்ப் பிறந்தவர் ஆலிவர் ஹெவிஸைடு. இளமையில் வந்த கொடுங்காய்ச்சல் அவர்தம் செவிப்புலனை மந்தமாக்கிற்று. பதினாறாம் வயதிற் பள்ளியை விடுத்தார். கல்லூரி வாயிலை அவர் மிதித்ததேயில்லை. தந்தி கண்ட வீட்ஸ்டன் என்பார் தாயின் உடன்பிறந்தாளை மணந்தவராதலின், தந்தி வேலை கிட்டிற்று. அதனையும் 1874-இல் உதறிவிட்டுப் பெற்றோர் இல்லத்தில் ஒரு தனியறையிற் புகுந்து, மாக்ஸ்வெல் இயற்றிய பெருநூலைத் தாமே கற்கலாயினார். அந்நூலிற் பலவாய்ப் பரந்து கிடந்த மின்காந்தச் சமன்பாடுகளை இன்று மாணவர் கற்கும் சில சமன்பாடுகளாகச் சுருக்கியவருள் இவரே தலையாயவர் எனலாம்.

மாறுமின்னோட்டத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் வெவ்வேறு வகையில் மறிக்கும். அம்மறிப்பனைத்தையும் ஓரளவாய்க் கண்டு, 1886-இல் இம்பீடன்ஸ் என்று பெயரிட்டவர் இவரே. நாம் அதனை மின்னெதிர்ப்பு என்போம். முக்கொம்பில் நம் காவிரி இரண்டாய்ப் பிரிந்து, ஒரு கிளை கொள்ளிடமாய்த் திருவரங்கத்தின் வடபாலும், மற்றொன்று தென்பாலும் சென்று, கல்லணையருகே மீண்டும் நெருங்குகின்றன. மின்கலத்தின் தகட்டருகேயும் மின்னோட்டம் இவ்வாறே கிளைக்கும்: ஒரு கிளை வேதிவினை வழியே தடையைக் கடக்கும், மற்றொன்று மின்தேக்கி போன்றதோர் ஏட்டின்மேல் ஏறியிறங்கும். ஆறு கண்ணுக்குத் தெரியும், இஃதோ தெரியாது. ஆகவே சிறிய மின்னழுத்தத்தைப் பற்பல அதிர்வெண்களிற் செலுத்தி, ஓட்டம் எவ்வளவு குன்றிற்று, எவ்வளவு முந்திற்று அல்லது பிந்திற்று என அளக்கின்றனர். பின்னர்க் கணிப்பொறி நிரல், தடையும் மின்தேக்கியும் கோத்த ஒரு சுற்றின் மதிப்புகளைத் திருத்தித் திருத்தி, அளந்த வளைகோட்டோடு பொருந்தச் செய்கின்றது. நெதர்லாந்தின் பூக்காம்ப் இத்தகைய நிரலொன்றை 1986-இல் வெளியிட்டார். வெவ்வேறு சுற்றுகள் ஒரே வளைகோட்டிற்குப் பொருந்துதலும் உண்டு. அவற்றுள் மெய்யானது எது எனத் தெரிய வேண்டுவோன் மாந்தனே. 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராயும் இரும்பின் துருவுக்கும் மின்கலங்களுக்கும் இம்முறை இன்றியமையாதது.

இத்துணைக்கும் வித்திட்டவர் பெற்ற ஊதியம் யாது? கம்பியிற் சுருள்களைச் சேர்ப்பின் தொலைபேசிக் குரல் சிதையாதென அவர் 1887-இல் காட்டினார். தந்தித் துறைப் பொறியாளர் ப்ரீஸ் அதனை எதிர்த்தார். அக்கருத்திற்கு 1900-இல் உரிமை பெற்ற பூப்பின் பெருஞ்செல்வரானார்; ஹெவிஸைடு காசு பெற்றிலர். 1891-இல் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று. அச்சங்கமே 1894-இல், நிறுவல் போதாதென்று, அவருடைய கணிதக் கட்டுரையின் மூன்றாம் பகுதியை மறுத்தது. அம்மறுப்பு முற்றும் அநீதி என யாம் துணியோம். நிறுவல் கேட்பது கணிதர் கடனே. எனினும் அவர் முறை தந்த விடைகள் பயன்பட்டே வந்தன.

முதல் பாரடே பதக்கம் 1922-இல் அவருக்கு அளிக்கப்பெற்றது. டார்க்கியில் தனித்து வாழ்ந்த அவர், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் உயிர்நீத்தார். பேய்ன்டனில், பெற்றோர் துயிலும் கல்லறையிலேயே அவரையும் அடக்கினர்.